கைம்பெண்ணின் காசும் கான்சோ மீனவரும்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனை)



ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். அள்ளிக் கொடுத்த செல்வர்களைவிட அவரே மிகுதியாகக் கொடுத்தார் என்று ஆண்டவர் சொன்னதைக் கேட்டு மனம் உருகி, அந்த உருக்கத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறோம். மாற்கு நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. நீண்ட அங்கி அணிந்து, சந்தைவெளியில் வணக்கம் எதிர்பார்த்து, கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞர்களை அங்கே இயேசு கண்டிக்கிறார். கண்டித்த கையோடுதான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்காருகிறார். அப்படியானால் அந்தப் பெண்ணிடம் இரண்டே காசு மிஞ்சியிருந்தது ஏன்? மீதியை விழுங்கியது யார்? கொடுத்தவரைப் பாராட்டுகிற நாம் இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும் அல்லவா?

இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு கடற்கரைப் பங்கின் வரலாற்றை இன்று நினைவுகூர்வோம். கனடா நாட்டின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ளது நோவா ஸ்கோஷியா மாநிலம். அங்கே கான்சோ என்றொரு மீன்பிடி ஊர். பாறையும் மூடுபனியும் கடுங்குளிரும் நிறைந்த இடம். காட் மீனும் சிங்கி இறாலும்தான் அன்று மக்களின் வாழ்வாதாரம். ஐரோப்பாவிலிருந்து கடலுக்கடியில் வந்த தந்திக் கம்பி கான்சோவுக்கு அருகே கரையேறியது. இலண்டனிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் செய்திகளில் பல இந்த ஊரைத் தாண்டிப் போயின. ஆனால் அந்த ஊர் மீனவரில் பலருக்குத் தம் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

அவர்களின் வாழ்க்கைக் கணக்கு நம் கடற்கரைக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். வலை, கயிறு, மாவு, தேயிலை எல்லாவற்றையும் பருவத்தின் தொடக்கத்தில் மீன் வணிகர் கடனாகக் கொடுப்பார். பிடித்த மீனை அவருக்கே கொடுக்க வேண்டும். பொருளின் விலையையும் மீனின் விலையையும் அவரே முடிவு செய்வார். பருவம் முடியும்போது கணக்கேட்டில் கடன்தான் மிஞ்சும், கையில் காசு தங்காது. முன்பணம் வாங்கிவிட்டு, அந்தத் தரகர் சொன்ன விலைக்கே மீனைப் போட்டு வந்த தலைமுறைகள் நம்மிடமும் உண்டு. தப்பிக்க நினைத்த இளைஞர்கள் பாஸ்டன் நகருக்கு வேலை தேடிப் போனார்கள். ஆலயத்தில் முதியோரும் சிறுபிள்ளைகளுமே மிஞ்சினார்கள்.

1922ஆம் ஆண்டின் இறுதியில் இந்த ஊருக்குப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டவர் அருள்பணியாளர் ஜேம்ஸ் டாம்ப்கின்ஸ். 'அனுப்பப்பட்டார்' என்பதைவிட 'ஒதுக்கப்பட்டார்' என்பதே சரி. அந்திகோனிஷ் நகரில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர் அவர். மாநிலத்தின் சிறுசிறு கல்லூரிகளை எல்லாம் ஹாலிபாக்ஸில் ஒன்றாக இணைக்க வேண்டும் என்ற திட்டத்தை ஆதரித்தார். ஆயர் மோரிசனுக்கு அது பிடிக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பேராசிரியர், மறைமாவட்டத்தின் ஒரு மூலைக்கு வந்து சேர்ந்தார். கீழ்ப்படிந்து போனார் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஆனால் அங்கே போய் வாய்மூடி இருக்கவில்லை.

குட்டையான உருவம், கீச்சென்ற குரல், ஓயாத பேச்சு. மேடைப் பேச்சு அவருக்கு வராது. படகுத்துறையில் நின்று, வருகிற போகிறவர் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணிப்பார். அடுத்த முறை பார்க்கும்போது, படித்தாயா, என்ன நினைக்கிறாய் என்று பிடித்துக்கொள்வார். 1921இலேயே, கல்வி என்பது கல்லூரிக்கு வர முடிந்தவர்களின் சொத்தல்ல, அதை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு சிறுநூல் எழுதியவர். அதே ஆண்டு உழவர்களையும் தொழிலாளர்களையும் சுமார் 50 பேரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சில வாரங்கள் பாடம் நடத்திக் காட்டியவர். கான்சோவில் அவருக்கு மாணவர்களாகக் கிடைத்தவர்கள் மீனவர்கள்.

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கண்ணுக்குத் தெரிந்த பலன் எதுவும் இல்லை. இதை நாம் அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. ஒரு கூட்டம் போட்டு, ஒரு தீர்மானம் நிறைவேற்றி, புகைப்படம் எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் 'மக்கள் ஒத்துழைக்கவில்லை' என்று கைவிட்டுவிடுகிற நமக்கு இந்த ஐந்து ஆண்டுகள் பெரிய பாடம்.

1927 ஜூலை 1. கனடா ஒன்றிணைந்து 60 ஆண்டுகள் ஆனதை நாடே கொண்டாடியது. கான்சோ மீனவர்கள் கூடி, நாம் கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். தங்கள் நிலையைத் தாங்களே எடுத்துச் சொன்னார்கள். நாளிதழ்களில் செய்தி வந்தது. அந்திகோனிஷ் மறைமாவட்டக் குருக்களின் கூட்டத்திலும் இது பேசப்பட்டது. அரசு நீதிபதி மெக்லீன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. அந்த ஆணையத்தின் முன் சாட்சியம் சொல்ல வந்தவர்களில் ஒருவர் மோசஸ் கோடி என்ற அருள்பணியாளர். டாம்ப்கின்ஸுக்கு உறவுமுறையில் தம்பி. இருவரும் மார்கரீ என்ற ஒரே பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள். அண்ணன் எவ்வளவு சிறிய உருவமோ தம்பி அவ்வளவு பெரிய உருவம். அண்ணனுக்கு வராத மேடைப் பேச்சு தம்பிக்கு ஆறாய் வந்தது.

1928இல் பல்கலைக்கழகம் விரிவாக்கத் துறை ஒன்றைத் தொடங்கி, அதற்குக் கோடியை இயக்குநராக்கியது. பின்னாளில் உலகம் 'அந்திகோனிஷ் இயக்கம்' என்று அழைத்தது இதைத்தான்.

அவர்கள் செய்தது என்ன? முதலில் ஊரில் ஒரு பொதுக்கூட்டம். கோடி பேசுவார். ஆறுதல் சொல்ல மாட்டார். உங்கள் ஏழ்மைக்கு வணிகர் மட்டும் காரணமல்ல, யோசிக்கிற வேலையை அவரிடம் விட்டுவிட்ட நீங்களும்தான் காரணம் என்று முகத்துக்கு நேரே சொல்வார். கூட்டம் முடிந்ததும் மக்கள் எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிவார்கள். வாரம் ஒருநாள் இரவு, யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறையில், விளக்கு வெளிச்சத்தில் கூடுவார்கள். பல்கலைக்கழகம் அனுப்பிய சிறு பிரசுரத்தை எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிப்பார். பிறகு விவாதம். மீன் இங்கே என்ன விலைக்குப் போகிறது? பாஸ்டன் சந்தையில் என்ன விலை? இடையில் உள்ள பணம் எங்கே போகிறது? பேச்சு கடைசியில், இதை மாற்ற நம்மால் இங்கே என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு வந்தே ஆக வேண்டும். 1930-31ஆம் ஆண்டு முடிவில் இப்படி 170க்கும் மேற்பட்ட குழுக்கள் இருந்தன. அந்தப் பத்தாண்டுகள் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

நம்முடைய அன்பியக் கூட்டங்களும் வீடுகளில்தான் நடக்கின்றன. நற்செய்தி வாசிக்கிறோம், பகிர்கிறோம், மன்றாடுகிறோம், தேநீர் குடிக்கிறோம். தெருவில் ஒரு குடும்பம் எந்த வட்டிக்கடனில் மூழ்குகிறது என்பதை அங்கே பேசியதுண்டா?

கான்சோவுக்குச் சற்றுத் தொலைவில் லிட்டில் டோவர் என்றொரு குக்கிராமம். சாலை கிடையாது. பாறை நிலத்தில் பயிரும் கிடையாது, மாடு வளர்க்கப் புல்லும் கிடையாது. பிள்ளைகளுக்குப் பால் இல்லை என்று கண்ட டாம்ப்கின்ஸ் முதலில் செய்த காரியம் அங்கே ஆடுகளைக் கொண்டுவந்ததுதான். பிறகு அந்த மீனவர்கள் தாங்களே காட்டுக்குப் போய் மரம் வெட்டி, சிறிது கடன் வாங்கி, சிங்கி இறாலைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றைக் கட்டினார்கள். வெளியிலிருந்து பெரிய கொடையாளர் யாரும் வந்து கட்டிக் கொடுக்கவில்லை. வந்திருந்தால் வாசலில் அவர் பெயர் இருந்திருக்கும். ஒரு டியூப் லைட்டைக் கொடுத்துவிட்டு வெளிச்சமே வராத அளவுக்கு அதில் 'உபயம்' எழுதுகிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன?

இனி காசுக்கு வருவோம். குழுக்கள் படித்தபின் பெரும்பாலும் முதலில் தொடங்கியது சேமிப்பும் கடனும் நடத்தும் ஒரு கூட்டுறவுச் சங்கம். வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த 1932ஆம் ஆண்டில் நோவா ஸ்கோஷியா இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. சில்லறைக் காசுகளைத் தவணையாகக் கட்டி ஒருவர் ஒரு பங்கு வாங்கலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்குதான். சேர்ந்த பணம் அந்த ஊரைவிட்டு வெளியே போகாது. மனைவிக்கு மருத்துவச் செலவு, படகுக்கு இயந்திரம், குளிர்காலத்துக்கு விறகு என்று கேட்பவருக்கு, அவருடைய நாணயத்தை அறிந்த அண்டை வீட்டாரே கூடிக் கடன் கொடுப்பார்கள். வட்டியில் மிஞ்சுவதும் அவர்களுக்கே திரும்பி வரும். ஆலயச் சமூகத்துக்கும் ஒருவர் போட்ட முதலுக்கும் நம் மொழியில் 'பங்கு' என்று ஒரே சொல்தான் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. ஆனாலும் பொருளைப் புரிந்துகொண்டார்கள்.

இந்த யோசனை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நாம் நம் வீட்டு வாசலிலேயே வந்து நிற்போம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனி நாட்டில் ரைபைசன் என்ற நகரத்தலைவர், கந்துவட்டியில் அழிந்த உழவர்களுக்காக இத்தகைய சங்கங்களை உருவாக்கினார். கனடாவின் லெவி நகரில் அல்போன்ஸ் தெஜார்தேன் என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர், பங்குக் குருக்களின் துணையோடு 1900இல் மக்கள் சேமிப்பகம் ஒன்றை நிறுவினார். 1901 ஜனவரியில் அதில் கட்டப்பட்ட முதல் தொகை 10 சென்ட். அன்று நாள் முழுவதும் சேர்ந்தது 26 டாலர் 40 சென்ட். இதற்கிடையில் சென்னை மாகாண அரசு, பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஆராயச் சொல்லியிருந்தது. இந்தியாவில் ரைபைசன் போன்ற ஒருவரைத் தேடுங்கள் என்பதுதான் அவர் கொடுத்த நீண்ட அறிக்கையின் சாரம். அதன் விளைவாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் அவ்வாண்டே ஒரு சங்கம் தொடங்கியது. பிற்காலத்தில் இதே நிக்கல்சன்தான் சென்னை மாகாண மீன்வளத் துறையையும் தொடங்கி வைத்தார்.

1907இல் பாஸ்டன் நகர வணிகர் எட்வர்ட் பைலீன் உலகப் பயணமாக வங்காளம் வந்தார். சிற்றூர்க் கூட்டுறவுச் சங்கங்களைக் கண்டு வியந்து நாடு திரும்பினார். அவரும் தெஜார்தேனும் துணைநிற்க, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1909இல் சட்டம் வந்தது. பைலீன் நியமித்த ராய் பெர்கன்கிரன்தான் பின்னர் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய் அந்த மக்களுக்கு வழிமுறை காட்டியவர். நம் கிராமத்து உழவர் கட்டிய காசைப் பார்த்து வந்த எண்ணமும் சேர்ந்துதான் கான்சோ பக்கத்து மீனவர் கைக்குப் போயிற்று.

கேப் பிரிட்டன் தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் கதை இன்னும் கசப்பானது. வீடு சுரங்க நிறுவனத்துடையது, கடையும் நிறுவனத்துடையது. கூலி கைக்கு வருவதற்கு முன்பே வாடகையும் கடைக் கடனும் பிடிக்கப்பட்டுவிடும். 1925இல் வேலைநிறுத்தம் வெடித்தபோது, நிறுவனம் முதலில் செய்தது அந்தக் கடைகளில் கடனை நிறுத்தியது. ஜூன் 11ஆம் நாள் நியூ வாட்டர்போர்டில் நிறுவனக் காவலரின் துப்பாக்கிச்சூட்டில் வில்லியம் டேவிஸ் என்ற தொழிலாளி உயிரிழந்தார். இத்தகைய மக்களிடம் போய், வாரம் கொஞ்சம் சில்லறை சேமியுங்கள் என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். 1932இல் கிளேஸ் பே நகரில் இயக்கத்தின் அலுவலகம் திறக்கப்பட்டது. அதை நடத்த அழைக்கப்பட்டவர், தொழிற்சங்கத்தில் தீவிரமானவர் என்று பெயர் எடுத்திருந்த அலெக்ஸ் மெக்கின்டயர். திருச்சபை ஆட்களை மட்டும் பார்த்து எடுக்கவில்லை; மக்கள் யாரை நம்பினார்களோ அவரை அழைத்தார்கள். வணிகர்கள் சிலர், இந்தக் குருக்கள் பொதுவுடைமைவாதிகள் என்றார்கள். பொதுவுடைமைவாதிகள் சிலர், தொழிலாளியின் கோபத்தைத் தணிக்க வந்தவர்கள் என்றார்கள். திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடல் கோடியின் கையில் இருந்தது. அதைக் காட்டியே இரு தரப்புக்கும் விடை சொல்லி வந்தார்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். சகோதரி மேரி மைக்கேல், சீட்டா ஓஹெர்ன், ஐடா கேலன்ட் முதலியோர் மீனவர், சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடையே குழுக்கள் அமைத்தார்கள். பிரசுரங்களை எழுதி அச்சிட்டு அனுப்பியதில், நூலகப் பெட்டிகளை ஊர் ஊராகச் சுற்றவிட்டதில் அவர்களின் உழைப்பு பெரிது. ஆனால் அந்த இயக்கத்தைப் பற்றிய பழைய எழுத்துகளில் குருக்களின் பெயரே பெரிதாக இருக்கிறது. நம் பங்கு வரலாற்று மலர்களைப் புரட்டினாலும் இதே குறைதான்.

வேறு குறைகளும் உண்டு. நாட்டின் பொருளாதாரத்தையே மக்கள் கைக்கு மாற்றிவிடலாம் என்று கோடி கனவு கண்டார். அது நடக்கவில்லை. போருக்குப் பின் பெரிய நிறுவனங்களும் பெரிய விசைப்படகுகளும் வந்தன. பல சங்கங்கள் நொடித்தன. கடை வளர்ந்ததும் படிப்புக் குழு நின்றுபோன ஊர்கள் உண்டு. கணக்குப் பார்க்கத் தெரிந்த மேலாளர் இருக்கிறார், நாம் ஏன் வாரம்தோறும் கூட வேண்டும் என்று உறுப்பினர்கள் எண்ணிய நாளிலிருந்து, சங்கம் இன்னொரு கடையாக மட்டும் ஆனது. நம் கருத்தில், எதிரிகளைவிட இதுவே அந்த இயக்கத்தை அதிகம் தளர்த்தியது.

1959 ஜூலையில் கோடி இறைவனடி சேர்ந்தார். அவர் பெயரால் அவ்வாண்டே அந்திகோனிஷில் ஒரு பன்னாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்தியாவிலிருந்து குருக்களும் அருள்சகோதரிகளும் பொதுநிலையினரும் அங்கே போய்ப் பயின்று திரும்பினார்கள். திருவனந்தபுரம் கடற்கரையில் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவின் காலத்தில் உருவான மரியநாடு குடியிருப்பில், மீனவர்கள் தரகரை விலக்கி, தங்கள் மீனைத் தங்கள் சங்கத்தின் வழியே விற்கத் தொடங்கினார்கள். அன்றன்றைய விற்பனையில் ஒரு சிறு பங்கு கடனுக்கும் ஒரு சிறு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்பட்டது. அத்தகைய ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து 1980இல் தென்னிந்திய மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பு ஆயின. கன்னியாகுமரி மாவட்ட மீனவரும் அதில் இணைந்தார்கள்.

இன்று நம் தெருக்களில் நிலைமை என்ன? குழுக் கடன் என்ற பெயர் இருக்கிறது, குழு இல்லை. சேமிப்பு இல்லாமலே கடன் வருகிறது. வாரம்தோறும் வாசலில் வந்து உட்காரும் வசூல்காரர், ஒரு பெண் கட்டவில்லை என்றால் மற்றப் பெண்களையே அவர்மேல் ஏவிவிடுகிறார். ஒன்பது பேர் ஒருத்தியைத் திட்டுகிறார்கள். கான்சோவில் குழு சேர்ந்தது, கடன்காரரின் பிடியிலிருந்து ஒருவரை ஒருவர் மீட்க. இங்கே குழு சேர்க்கப்படுவது, ஒருவரை ஒருவர் காவல் காக்க. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் நாம் ஏமாந்துவிடக் கூடாது. நம் பங்கின் ஏழையர் நிதியிலிருந்து உதவி பெறுகிற குடும்பங்களில் எத்தனை குடும்பங்கள் அதை அப்படியே வாரத் தவணைக்குக் கொடுக்கின்றன என்று பார்த்தால், நம் காணிக்கை யார் பெட்டியில் போய் விழுகிறது என்பது தெரியும். வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு சந்திக்கப் போகும்போது இதைக் கேட்டறிந்து வந்து, அடுத்த மாத அன்பியப் பொறுப்பாளர் கூட்டத்தில் வைக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பெயர் வேண்டாம், கணக்கு மட்டும் போதும்.

டாம்ப்கின்ஸ் 1935இல் கான்சோவை விட்டு ரிசர்வ் மைன்ஸ் என்ற சுரங்க ஊருக்குப் பங்குத்தந்தையாகப் போனார். வயது 65. பங்கு இல்லத்திலேயே மக்களுக்கு ஒரு நூலகம் திறந்தார். அங்கே வந்து பேசத் தொடங்கிய சில சுரங்கத் தொழிலாளர்கள், நிறுவனத்தின் வாடகை வீட்டிலிருந்து வெளியேற என்ன வழி என்று படிக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்கடன் என்றால் என்ன, நிலத்தின் விலை என்ன, சுவர் எப்படி எழும்புகிறது, வடிகால் எப்படிப் போகிறது என்று மாதக்கணக்கில் படித்தார்கள். நியூயார்க்கில் கூட்டுறவு வீடுகள் கட்டிப் பழகிய மேரி ஆர்னால்டு என்ற பெண்மணி வந்து கூடவே இருந்தார். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டை முதலில் அட்டையில் செய்து பார்த்தது. அடுப்படி எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பெண்கள் முடிவு செய்தார்கள். அரசு கொடுத்த கடனுக்கு மேல் தங்கள் கைப்பணத்துக்கு ஈடாகத் தங்கள் உழைப்பையே போட்டார்கள். சுரங்கத்தில் வேலை முடிந்து மேலே வந்து, கரி படிந்த கையோடு ஆணி அடித்தார்கள். 1938இல் முதல் 11 வீடுகளுக்குக் குடும்பங்கள் குடிபோயின. அந்தக் குடியிருப்புக்கு டாம்ப்கின்ஸ்வில் என்று பெயர் வைத்தார்கள்.